மெட்ரோ ஓசூருக்கு வரட்டும், புறநகர் ரயில் தர்மபுரி வரை வரட்டும்

2025 ஆகஸ்ட் 10-ம் தேதி பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டில் தொடங்கி ஜெயதேவா, சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திராவில் முடியும் பாதை அது. நீளம் 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கடைசி நிலையத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதனால் அன்று முதல் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் டீக்கடைப் பேச்சு தொடங்கி அரசியல் மேடை வரை ஒரே கேள்வி: இங்கே எப்போது வரும்?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் மெட்ரோவை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மாவட்டங்களில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போய்விடும் என்று நினைக்கிறேன். பெங்களூருவில் இரண்டு தனித்தனி ரயில் திட்டங்கள் நடக்கின்றன. ஒன்று மெட்ரோ, இன்னொன்று புறநகர் ரயில். இரண்டுமே ஓசூரை நோக்கி நீளக் கூடியவை. நம் பக்கத்தில் பேசப்படுவதோ முதலாவது மட்டும்தான். இரண்டாவதுதான் மலிவு, தர்மபுரி வரை வரக்கூடியதும் அதுதான்.

முதலில் யார் போகிறார்கள் என்று பார்ப்போம். திங்கட்கிழமை விடியற்காலை தர்மபுரி பஸ் நிலையத்தில் பெங்களூரு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் போதும், பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து வந்த கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுபவர்கள் ஒரு வாரத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு ஏறுவார்கள். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகத் திரும்புவார்கள். அவர்களுக்கு நடுவே கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. பிள்ளைகள்.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நோயாளிகள். பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை இருக்கிறது. ஜெயதேவா நிலையம் அங்குள்ள அரசு இதய மருத்துவமனையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸும் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அங்கிருந்து தூரமில்லை. நம் மாவட்டங்களில் பெரிய வியாதி என்றால் சேலம் போவதா பெங்களூரு போவதா என்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் பேச்சு. ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையை மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஜெயதேவா ஆஸ்பத்திரிக்கு எங்க இறங்கணும்? ஓ.பி. சீட்டு முடியறதுக்குள்ள போயிடலாமா?" என்று கண்டக்டரைக் கேட்கும் அம்மாக்களை அந்த பஸ்ஸில் எந்த நாளும் பார்க்கலாம். முன்பு பொம்மனஹள்ளி, சில்க் போர்டு நெரிசலில் பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்லிவிடலாம். இந்தப் பாதையால் நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த நிச்சயம்தான்.

எதிர்த் திசையிலும் ஓட்டம் இருக்கிறது. ஓசூர் சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பழைய தொழிற்சாலைகள். அண்மை ஆண்டுகளில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா. பெங்களூருவில் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஓசூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். காலையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடி அருகே நின்று பார்த்தால், அந்தப் பக்கம் போகும் கம்பெனி பஸ்களைப் போலவே இந்தப் பக்கம் வரும் கம்பெனி பஸ்களும் வரிசையாகத் தெரியும். ரயில் நடத்துகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. பொதுவாகப் புறநகர்ப் பாதைகளில் காலையில் ஊருக்குள் போகும் வண்டி நிரம்பி வழியும், திரும்பி வரும்போது காலியாக வரும். ஓசூர்ப் பாதையில் இரு பக்கமும் ஆள் கிடைக்கும்.

சரி, மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்? மஞ்சள் பாதையில் நிலையத்துக்கு நிலையம் சராசரியாக ஒன்றேகால் கிலோமீட்டர். ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நகருக்குள்ளான பயணத்துக்கு அது சரியான இடைவெளி. ஐம்பது, நூறு கிலோமீட்டர் போக அது பொருந்தாது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு போகவே முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கிறது. அதே வேகத்தில் ஓசூர் வரை நீட்டினால் முனைக்கு முனை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஓசூர்க்காரருக்கு அது சரி. கிருஷ்ணகிரிக்காரரும் தர்மபுரிக்காரரும் ஓசூர் வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தால் நாளில் பாதி பயணத்திலேயே போய்விடும்.

புறநகர் ரயில் என்பது ரயில்வேயின் அகலப்பாதையில், நிலையங்களுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் தூரம் விட்டு, அடுத்தடுத்து ஓடும் மின்சார ரயில். சென்னையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது செங்கல்பட்டு, அரக்கோணம் வரை போகிறது. சென்னையில் மெட்ரோ வந்தது 2015-ல்தான். அதாவது அங்கே முதலில் புறநகர் ரயில், பல தலைமுறைகள் கழித்து மெட்ரோ. பெங்களூருவில் தலைகீழ். மெட்ரோவின் முதல் பகுதி 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. புறநகர் ரயில் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2020 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் நகரம் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு அத்திப்பள்ளி வரை வளர்ந்துவிட்டது. ஓசூர் சாலையின் இன்றைய நெரிசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2010-ல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை போட்டும் அந்தச் சாலை மூச்சுத் திணறுகிறது.

ஓசூர் மெட்ரோவுக்கு வருவோம். கிருஷ்ணகிரி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த செல்லக்குமார் தொடர்ந்து எழுப்பிய கோரிக்கை இது. தமிழ்நாடு அரசின் சார்பில் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வை எடுத்துக்கொண்டது. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குச் சுமார் 20.5 கிலோமீட்டர், அதில் 11.7 கர்நாடகத்தில், 8.8 தமிழ்நாட்டில் என்பது ஆரம்பத்தில் பேசப்பட்ட கணக்கு. பெரும்பகுதி கர்நாடக மண்ணில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தாபுரா, அத்திப்பள்ளி வழியாக அவர்கள் கட்டாமல் நம் 8.8 கிலோமீட்டரை மட்டும் கட்டி ஒரு பயனும் இல்லை.

இதில் மின்சாரச் சிக்கல் ஒன்று குறுக்கே வந்தது. பெங்களூரு மெட்ரோவில் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்திலேயே மின்சாரத்துக்கென்று மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுகிறது. 750 வோல்ட் நேர்மின்னோட்டம் அதில்தான் வருகிறது. ரயிலின் அடியில் உள்ள காலணி போன்ற பாகம் அதை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும். சென்னை மெட்ரோவில் தலைக்கு மேலே கம்பி, அதில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். சென்னை நிறுவனம் ஓசூர்ப் பாதைக்கும் தன் முறையையே முன்வைத்தது. ஒரு முறைக்குச் செய்த ரயில் இன்னொன்றில் ஓடாது, இரண்டையும் இணைக்க இயலாது என்று பெங்களூரு தரப்பு சொன்னது.

தொழில்நுட்ப ரீதியாக அந்தப் பதில் தவறில்லை. மேல்கம்பி முறைக்கு ஆதரவாகவும் காரணம் உண்டு: மின் இழப்பு குறைவு, துணை மின்நிலையங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், நீண்ட பாதைக்கு ஏற்றது. இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரயில்களும் உலகத்தில் இருக்கின்றன. லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் ஊருக்கு வடக்கே மேல்கம்பியிலும் தெற்கே மூன்றாவது தண்டவாளத்திலும் ஓடுகின்றன. ஆனால் அப்படிப்பட்ட வண்டிக்கு விலை அதிகம், பராமரிப்பும் அதிகம்.

என்னைக் கேட்டால், உண்மையான பிரச்சினை வோல்ட் கணக்கில் இல்லை, யார் ஓட்டுவது என்பதில் இருக்கிறது. டெல்லி மெட்ரோ 2009-ல் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவுக்குள் போனது, 2010-ல் ஹரியானாவின் குருகிராமுக்குப் போனது. பிற்பாடு பரிதாபாத், பகதூர்கர் என்று நீண்டது. மாநில எல்லை எங்கே வருகிறது என்று பயணிக்குத் தெரியவே தெரியாது. அந்தந்த மாநிலம் தன் பகுதிக்கான செலவில் பங்கு ஏற்றது. கட்டியதும் ஓட்டுவதும் டெல்லி மெட்ரோ நிறுவனம். ஓசூருக்கும் இதுவே சரியான வழி. 8.8 கிலோமீட்டருக்குப் பணத்தையும் நிலத்தையும் தமிழ்நாடு கொடுக்கட்டும், பாதையைப் பெங்களூரு மெட்ரோ தன் முறையிலேயே கட்டி ஓட்டட்டும். சென்னை நிறுவனத்துக்குச் சென்னையில் இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டர் வேலையே கைநிறைய இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் தனியாக ஒரு பணிமனை, தனியாக ஒரு கட்டுப்பாட்டு அறை, தனியாக ரயில்கள் என்று வைத்துக்கொண்டு ஒற்றை ஊருக்காக ஒரு மெட்ரோ நடத்துவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

தனித்தனியாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் டெல்லிப் பக்கமே உதாரணம் இருக்கிறது. 2019 ஜனவரியில் நொய்டாவில் இன்னொரு நிறுவனம் தொடங்கிய அக்வா பாதை, டெல்லி மெட்ரோவின் நீலப் பாதையோடு நேராகச் சேரவில்லை. செக்டர் 51, செக்டர் 52 என்று இரண்டு நிலையங்கள், நடுவில் சுமார் 300 மீட்டர். வெயிலிலும் மழையிலும் மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள், இல்லையென்றால் இ-ரிக்‌ஷா பிடித்தார்கள். பொம்மசந்திராவில் வண்டி மாறித்தான் ஆக வேண்டும் என்றால்கூட, இறங்கும் நடைமேடைக்கு நேர் எதிரிலேயே அடுத்த ரயில் நிற்கும்படி இப்போதே வரைபடத்தில் போட வேண்டும். இதய நோயாளியை மாடிப்படி ஏற்றி இறக்கி இன்னொரு கட்டிடத்துக்கு அனுப்பும் இணைப்பை இணைப்பு என்று யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பணம் எவ்வளவு ஆகும்? மஞ்சள் பாதைக்கு ஆன செலவு சுமார் 7,160 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 374 கோடி. அந்த விலையிலேயே போட்டால் தமிழ்நாட்டுப் பகுதிக்கு மட்டும் 3,300 கோடி ரூபாய் அளவு வரும். இதில் மத்திய அரசின் பங்கு கிடைக்குமா என்பது அடுத்த முட்டுக்கட்டை. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கோவைக்கே அந்த நிலை என்றால் ஓசூரைத் தனி நகரமாகக் காட்டி ஒரு காகிதத்தையும் நகர்த்த முடியாது. பெங்களூருவின் நீட்சியாகக் காட்டினால்தான் மக்கள்தொகைக் கணக்கு நிற்கும். அதற்கும் கர்நாடகத்தின் கையெழுத்து வேண்டும்.

கர்நாடகத்தில் எதிர்ப்பு இருக்கிறது. மெட்ரோ ஓசூர் வரை போனால் தொழிற்சாலைகளும் வேலைகளும் தமிழ்நாட்டுக்குப் போய்விடும் என்று கன்னட அமைப்புகள் சொல்கின்றன. ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த பிறகு அந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது. நாம் இதை வெறும் மொழி வெறி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அவர்கள் வரிப்பணத்தில் கட்டும் பாதையைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆனால் பதிலும் இருக்கிறது. ஓசூரில் தொழிற்சாலைகள் மெட்ரோவுக்காகக் காத்திருக்கவில்லை, அவை ஏற்கெனவே வந்துவிட்டன. அவற்றுக்குப் போகும் வரும் வண்டிகள்தான் சில்க் போர்டு வரை சாலையை அடைக்கின்றன. அந்த வண்டிகள் குறைந்தால் முதலில் நிம்மதி அடைவது பொம்மனஹள்ளியிலும் ஹெப்பகோடியிலும் குடியிருப்பவர்கள்.

அவர்கள் தரப்பில் உண்மையாகவே எடை உள்ள கேள்வி வேறொன்று. மஞ்சள் பாதையில் ஓடுபவை ஆறு பெட்டி ரயில்கள். திறந்தபோது மூன்றே ரயில்கள்தான் இருந்தன, 25 நிமிடத்துக்கு ஒன்று. புதிய ரயில்கள் வர வரத்தான் இடைவெளி குறைந்தது. ஓசூரிலேயே ரயில் நிரம்பி வந்தால், காலை எட்டரை மணிக்கு ஹொங்கசந்திராவில் நிற்பவர் எப்படி ஏறுவார்? மெட்ரோ ஒன்றை மட்டும் நம்பினால் இதற்குப் பதில் கிடையாது. ஓசூர்க் கூட்டத்தில் ஒரு பகுதியை வேறு பாதையில் கொண்டுபோக வேண்டும்.

அந்த வேறு பாதை ஏற்கெனவே போடப்பட்டுக் கிடக்கிறது. ஓசூரிலிருந்து புறப்படும் ரயில்பாதை நெடுஞ்சாலையை ஒட்டிப் போவதில்லை. ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே தாண்டி கார்மேலரம், பெல்லந்தூர் ரோடு வழியாகப் பையப்பனஹள்ளிக்குப் போகிறது. சர்ஜாப்பூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் அதன் கரையில். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களில் பலர் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இவை. மெட்ரோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஜெயதேவாவுக்கும் போகிறவர்களுக்கு; ரயில் பெல்லந்தூருக்கும் மாரத்தஹள்ளிக்கும் போகிறவர்களுக்கு. இரண்டுக்கும் போட்டியே இல்லை.

பெங்களூரு புறநகர் ரயில் திட்டம் மொத்தம் 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடங்கள், 15,767 கோடி ரூபாய். கர்நாடக அரசும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய கே-ரைடு நிறுவனம் கட்டுகிறது. வழித்தடங்களுக்குப் பூக்களின் பெயர்: சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா. நமக்கு வேண்டியது கனகா. ஹீலலிகேயில் தொடங்கி கார்மேலரம், மாரத்தஹள்ளி, பென்னிகானஹள்ளி, எலஹங்கா வழியாக ராஜானுகுன்டே வரை 46.88 கிலோமீட்டர். ஹீலலிகே என்பது பொம்மசந்திராவுக்குப் பக்கத்து ஊர். அதாவது மெட்ரோ நின்ற இடத்துக்கு அருகிலேயே புறநகர் ரயிலும் நின்றுவிடுகிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் வராமல்.

2022 ஜூனில் பெங்களூருவில் பிரதமர் அடிக்கல் நாட்டியபோது 40 மாதங்களில் முடிக்கப்படும் என்று மேடையில் சொல்லப்பட்டது. அந்த 40 மாதம் 2025 அக்டோபரோடு முடிந்தது, ஒரு வழித்தடத்திலும் ரயில் ஓடவில்லை. கனகா பாதையின் ஒப்பந்ததாரரே 2025-ல் விலகிவிட்டார். நிலம் கைக்கு வருவதில் தாமதம், ரயில்வேயிடம் அனுமதி பெறுவதில் தாமதம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக. பெங்களூருக்காரர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் பாதை இன்னும் முழுதாகக் கட்டி முடியாத நிலையில் இருப்பதால், ஹீலலிகேயை ஓசூர் என்று மாற்றி எழுத நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு நீட்டிப்பது எவ்வளவு கடினம் என்று பொம்மசந்திராவே காட்டிவிட்டது.

செலவும் இங்கே குறைவு. 15,767 கோடியை 148 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 106 கோடி, மெட்ரோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இன்னும் மலிவான வழியும் உண்டு. பையப்பனஹள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே 48 கிலோமீட்டர் இரட்டைப் பாதையாக்கும் வேலையை இதே கே-ரைடு நிறுவனம் செய்கிறது. அதற்குப் போட்ட மதிப்பீடு சுமார் 500 கோடி, அதாவது கிலோமீட்டருக்குப் பத்துக் கோடி ரூபாய் அளவு. புதிதாகத் தூண் நட்டுப் பாலம் கட்ட வேண்டாம். இரண்டு தண்டவாளம், மேலே மின்கம்பி, தானியங்கி சிக்னல், ஓசூரில் ரயில்கள் நிற்கவும் கழுவவும் கூடுதல் தடங்கள், உயரமான நடைமேடைகள். இவை இருந்தால் காலையிலும் மாலையிலும் கால் மணிக்கு ஒரு மெமு, அதாவது குறுந்தூர மின்சாரப் பயணிகள் ரயில், விடலாம்.

கட்டணத்தையும் பார்க்க வேண்டும். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு மெட்ரோ கட்டணம், திறந்தபோது 60 ரூபாய். போக வர 120. மாதம் 26 நாள் வேலைக்குப் போகிறவருக்கு 3,120 ரூபாய், ஓசூர் பஸ் செலவு தனி. ரயில்வேயின் மாதாந்திர சீசன் டிக்கெட்டோ சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம்தான் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. பஸ்ஸிலும் அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழ்நாட்டில் நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். கர்நாடகத்தில் பஸ்ஸில் இலவசப் பயணம் தரும் சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். எல்லையைத் தாண்டியதும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு அரசுகளும் பெண்களுக்காகச் செய்த நல்ல காரியம், தினமும் எல்லை தாண்டும் பெண்ணுக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

ஓசூரோடு ரயில் நிற்க வேண்டியதும் இல்லை. கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தர்மபுரி என்று அதே பாதை தெற்கே வருகிறது. ராயக்கோட்டைத் தக்காளி பெங்களூரு சந்தைக்கு லாரியில்தான் போகிறது, அந்த ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில்தான் போகிறார்கள், ரயில் நிலையம் இருந்தும். காரணம் ஒற்றைப் பாதை. ஒரு விரைவு ரயில் எதிரே வருகிறது என்றால் பயணிகள் ரயிலை ஒரு நிலையத்தில் ஒதுக்கி நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஓசூர் தர்மபுரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் ஏற்றமும் வளைவும் வேறு. தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர் மலைப் பகுதியில் 2021 நவம்பரில் பாறைகள் சரிந்து கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு ரயில் தடம் புரண்டது. ஓமலூர் வரை இரட்டைப் பாதை என்பது நம் எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் முதலில் கேட்க வேண்டிய விஷயம். அது வந்தால் தர்மபுரிக்குத் தினசரிப் பயண ரயில்கள் தானாக வரும். அது வராமல் ஓசூர் வரை என்ன கட்டினாலும் தர்மபுரிக்காரர் ஓசூர் பஸ்ஸுக்குத்தான் ஓட வேண்டும்.

நிர்வாகத்தில் இருக்கும் ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. ஓசூரும் தர்மபுரியும் தமிழ்நாட்டில் இருந்தாலும், ரயில்வே கணக்கில் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தவை. தலைமையகம் ஹுப்பள்ளி. ஓமலூரிலிருந்துதான் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். சென்னையில் மனு கொடுத்தால் அது எங்கள் எல்லை இல்லை என்பார்கள். ஹுப்பள்ளிக்கு நம் மாநில அரசின் குரல் எட்டுவது குறைவு. கே-ரைடு நிறுவனத்தில் கர்நாடகத்துக்குப் பங்கு இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு இல்லை. டெல்லியைச் சுற்றி மூன்று மாநிலங்கள் சேர்ந்து திட்டமிட 1985-லேயே சட்டம் போட்டுத் தேசியத் தலைநகர்ப் பகுதித் திட்ட வாரியத்தை அமைத்தார்கள். பெங்களூரு–ஓசூர் பகுதிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மெட்ரோவுக்கு ஒரு கடிதம், புறநகர் ரயிலுக்கு ஒரு கடிதம், பஸ்ஸுக்கு ஒரு கடிதம் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு மாநிலங்களும் ரயில்வேயும் உட்காரும் ஒரு கூட்டுக் குழு, பெரிய வாரியமாக இல்லாவிட்டாலும், இப்போதைக்கு மிக அவசரமாகத் தேவை.

கிருஷ்ணகிரி நகரத்தின் நிலைதான் எல்லாவற்றிலும் வருத்தம். 2004-ல் மாவட்டத் தலைநகரான ஊர், ரயில் நிலையம் கிடையாது. இத்தனைக்கும் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதை ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்று, அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், இரண்டையும் மூடினார்கள். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் பிறகு சேலம்–பெங்களூரு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை ஒன்றும் வரவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறார்கள். ஆய்வு நடக்கும், அறிக்கை போகும், அத்தோடு நின்றுவிடும். மொரப்பூர்–தர்மபுரி 36 கிலோமீட்டர் பாதைக்காவது 2019-ல் அடிக்கல் விழுந்தது, நிலம் எடுப்பதில் இழுத்துக்கொண்டே போகிறது. ஓசூர் வரை புறநகர் ரயில் வந்துவிட்டால் ஜோலார்பேட்டைப் பாதைக்கும் வலு கூடும். வெறும் கிளைப்பாதையாக இருப்பது பெங்களூருவின் தினசரிப் பயணப் பாதையோடு சேர்ந்துவிடும், பயணிகள் கணக்கு வேறாகிவிடும்.

ரயில் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து போகும் அரசு பஸ்களில் ஒரு பகுதியைப் பொம்மசந்திராவோடு நிறுத்தித் திருப்பினால், அதே வண்டியை ஒரு நாளில் கூடுதல் நடை ஓட்டலாம். சில்க் போர்டு நெரிசலில் டீசலும் டிரைவரின் உடம்பும் வீணாவது மிச்சம். மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே நம் பஸ்கள் நின்று திரும்ப இடம் கேட்டுக் கர்நாடகத்திடம் பேச வேண்டும். பெங்களூரு மெட்ரோவில் தேசியப் பொதுப் பயண அட்டை, அதாவது பல ஊர்ப் போக்குவரத்துக்கும் பொதுவான ஒரே அட்டை, செல்லும். சென்னையின் சிங்காரச் சென்னை அட்டையும் அதே வகைதான். ஓசூர் பஸ்களில் அந்த அட்டையைத் தேய்க்கும் கருவியை வைத்துவிட்டால், தர்மபுரியில் ஏறும் நோயாளி ஜெயதேவாவில் இறங்கும்வரை சில்லறைக்கும் டோக்கன் வரிசைக்கும் நிற்க வேண்டாம். இதற்கெல்லாம் ஆயிரம் கோடி தேவையில்லை, இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகள் பேசினால் போதும்.

அதைவிட அவசரமானது நிலம். ஓசூர் ரயில் நிலையத்தைச் சுற்றி மனைகள் வேகமாகக் கட்டிடங்களாகிக்கொண்டிருக்கின்றன. புறநகர் ரயிலுக்குக் கூடுதல் நடைமேடைகள், ரயில் நிறுத்தும் தடங்கள், பஸ் வந்து நிற்க ஒரு வளாகம் ஆகியவற்றுக்கு இடத்தை ஓசூர் மாநகராட்சியும் ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமமும் இப்போதே வரைபடத்தில் குறித்து ஒதுக்க வேண்டும். மெட்ரோ வரும் சாலையிலும் அப்படியே. பத்து ஆண்டு கழித்து அந்த இடத்தை வாங்கப் போனால், மேலே போட்ட கிலோமீட்டர் கணக்குகள் ஒன்றும் நிற்காது.